குறை என்று எந்த அம்மா எழுதுவாள்?

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். மறைத்து என்ன ஆகப்போகிறது, எங்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரி வாட்ச்மேனைக் கேட்டாலே சொல்லிவிடுவார். கட்டடத்தின் அடித்தளத்தில் சாம்பிள் ரூம் என்று ஒன்று இருக்கிறது. ஆளுயரத்துக்கு நான்கு குளிர்பெட்டிகள், மைனஸ் எண்பது டிகிரி, அவற்றைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்ள நான். அதனால் எனக்கு 'ஐஸ்கட்டி' என்று பெயர். டியூப்கள் எதிர்த்துப் பேசாது, அழாது, டாக்டர் எப்போது வருவார் என்று நூறு தடவை கேட்காது. எனக்கு அது போதும்.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, ரப்பர் அக்காவைப் பற்றி. மூன்றாம் மாடியில் கேன்சர் வார்டுக்கும் லிஃப்டுக்கும் நடுவே ஒரு மேஜை உண்டு. அங்கேதான் அவளுக்கு வேலை. பதினொரு பக்கப் படிவத்தை முதலில் பென்சிலால் நிரப்புவாள், பெற்றவர்களுக்குப் படித்துக் காட்டுவாள், அழிப்பாள், திருத்துவாள், அதற்கப்புறம்தான் பேனாவை எடுப்பாள். மேஜை முழுக்க ரப்பர் தூள். கூட்ட வருகிற அம்மாவுக்கும் அவளுக்கும் அதனால் தினம் ஒரு சண்டை. நான் அவளை 'அக்கா' என்று கூப்பிட்டாலும் எனக்கும் அவளுக்கும் இரண்டே வயதுதான் வித்தியாசம். கணவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத மனிதர். ஒரே மகன். சிறுநீரகத்தில் கேன்சர் வந்து இதே மூன்றாம் மாடி வார்டில், ஐந்தாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இறந்துபோனான். பதினொரு வருஷம் ஆகிறது.

ஒரு வருஷம் கழித்து அவள் இங்கேயே வேலைக்கு வந்தாள். சேர்ந்த முதல் வாரமே நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு வேற எடமே கிடைக்கலையாக்கா?"

"கிடைச்சுதே. ஆனா அங்க யாருக்கும் அவனத் தெரியாதே."

கீழே வந்து, சுத்தம் செய்யத் தேவையே இல்லாத ஒரு குளிர்பெட்டியைச் சுத்தம் செய்தேன்.

வேலை என்னவென்றால் இதுதான். கேன்சர் வந்த குழந்தை, அதன் அம்மா, அப்பா, மூன்று பேரிடமும் ஆளுக்கு ஒரு டியூப் ரத்தம் எடுப்போம். அதிலிருந்து மரபணு முழுவதையும் படித்து, பேர், ஊர், விலாசம் எல்லாவற்றையும் நீக்கி, ஓர் எண்ணை மட்டும் கொடுத்து (எந்த எண் யார் என்பது எங்களிடம் மட்டும் இருக்கும்), பொதுக் களஞ்சியம் ஒன்றில் சேர்ப்பார்கள். பல நாட்டு ஆஸ்பத்திரிகள் ஒன்றாக நடத்துவது அது. பிள்ளைகளுக்கு வருகிற கேன்சர் பெரும்பாலும் அபூர்வமான வகை. ஓர் ஆஸ்பத்திரி வருஷக்கணக்காகக் காத்திருந்தாலும் ஒரே மாதிரி நான்கு பிள்ளைகளைப் பார்க்காது. எல்லோரும் ஓரிடத்தில் சேர்த்தால்தான் எதையாவது கண்டுபிடிக்க முடியும். உதடு பிளந்து பிறந்த குழந்தைகள், இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைகள், இவர்களின் மரபணுவும் அதே களஞ்சியத்தில்தான். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பெரிய டாக்டரம்மாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"வயித்துல உடம்பு உருவாகறப்போ வேலை செய்யற ஜீன் இருக்கு பாரு, அதுல சிலது பின்னாடி கேன்சர்லயும் கை வைக்குது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாதான் விஷயம் புரியும்" என்றார்.

ரத்தம் கொடுக்கப் பெற்றவர்கள் தயங்குவார்கள். எங்கள் பிள்ளையை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். ரப்பர் அக்கா எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "எங்கேயோ ஒரு டாக்டர், உங்க பிள்ளை மாதிரியே ஒரு பிள்ளையக் காப்பாத்தத் தேடுவாரு. அப்போ உங்க பிள்ளை அங்க இருப்பான். யாரும் எடுத்துட முடியாது. நான் சொல்றேன்." அவள் அப்படி அடித்துச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். களஞ்சியத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக் கணக்கில் நூற்று ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஏழாம் எண் அவள் மகன். முன்பே எடுத்து வைத்திருந்த அவன் ரத்தம் என் இரண்டாவது குளிர்பெட்டியில் இருந்தது. படிவத்தை அவளே நிரப்பினாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் களஞ்சியத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. பெரிய டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். 'பிறவிக் குறைபாடு ஏதேனும் உண்டா?' என்ற கேள்விக்கு உங்கள் ஆஸ்பத்திரியில் மூன்றே மூன்று பேர்தான் 'ஆம்' என்று பதில் தந்திருக்கிறார்கள். மற்ற ஆஸ்பத்திரிகளோடு ஒப்பிட்டால் இது நம்பும்படி இல்லை. நான்கு மாதத்துக்குள் ஒவ்வொருவரையும் மறுபடி விசாரித்து அனுப்புங்கள். விசாரிக்காத பிள்ளைகளின் விவரம் களஞ்சியத்திலிருந்து நீக்கப்படும். அவ்வளவுதான் கடிதம்.

அக்கா முகம் வெளுத்துவிட்டது. என் முகத்திலோ எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அக்கா ஒரு எழுத்து தப்பா எழுத மாட்டாங்க. அங்க குளிர்ல உக்காந்துக்கிட்டு நம்ம மேலயே சந்தேகப்படறாங்களா?" என்று குதித்தேன். குளிரில் உட்கார்ந்திருப்பது நான்தான் என்று பெரிய டாக்டரம்மா நினைவுபடுத்தினார்.

அடுத்த வாரமே விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, முதலில் ஒரு பேக்கரிக்காரரின் மனைவிக்குப் போன் செய்தாள் அக்கா. மாடியில் மற்ற பெற்றவர்கள் காதில் விழும் என்பதால் சாம்பிள் ரூமிலிருந்துதான் பேசினாள். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் குறிப்பெடுப்பாள், அதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்கும்.

"உங்க பொண்ணு பிறக்கும்போது ஏதாவது குறை இருந்துச்சாங்க?"

"ஐயோ, என் பொண்ணுக்கு என்னங்க குறை? தங்கம் மாதிரி பிறந்தா."

"உதட்டுல ஒரு தையல் தழும்பு பார்த்த ஞாபகம்..."

"அதுவா? அது பிளந்திருந்துச்சு. ஆறு மாசத்துலயே ஆபரேஷன் பண்ணி சரியாயிடுச்சே!"

போனை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கேன்சர் வார்டில், தலைமுடி கொட்டிப்போன பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் போய் 'உன் பிள்ளைக்கு வேறென்ன குறை' என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? ஒன்றுமில்லை என்பாள். மகராசியாகச் சொல்வாள். நூற்று ஐம்பத்தைந்து பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வியைத்தான் நாம் தப்பாகக் கேட்டிருக்கிறோம்.

அக்கா கிடுகிடுவென்று மாடி ஏறிப் பெரிய டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். இரண்டு நாள் உட்கார்ந்து புதுப் பட்டியல் ஒன்று தயாரித்தார்கள். 'குறை' என்ற சொல்லே அதில் கிடையாது. தலையில் தொடங்கிப் பாதம்வரை இருபத்திரண்டு கேள்விகள். காதுப் பக்கத்தில் சின்ன ஓட்டை ஏதாவது இருந்ததா, விரல் எத்தனை, நாக்கு வாய்க்குள் அடங்கியதா, ஒரு பக்கத்துக் கை காலைவிட இன்னொரு பக்கம் பெரிதாக இருந்ததா, தொப்புள் எப்படி இருந்தது, இப்படி. கேட்கிற விதமும் மாறியது. "உங்க பிள்ளை பிறந்தப்போ எப்படி இருந்தான்னு தலையிலேர்ந்து சொல்றீங்களா?" என்று ஆரம்பிப்பாள்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! போனில் பேச்சு நிற்காது. நூற்று ஐம்பத்தெட்டில் அறுபத்தொரு பிள்ளைகள் உயிரோடு இல்லை. அந்த வீடுகளுக்குப் போன் செய்ய நான் வேண்டாம் என்றேன். ஆறின புண்ணை ஏன் கிளற வேண்டும், பழைய பதிலையே எழுதி அனுப்பிவிடலாம் என்று அக்காவோடு மல்லுக்கு நின்றேன்.

"ஆறிச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வீடுகளில் முதலில் பேசியது ஒரு பஸ் டிரைவர். மகள் போய் ஆறு வருஷம். காது, மூக்கு, விரல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கேள்வி முடிந்ததும் போனை வைக்கவில்லை.

"அவ்வளவுதானா? இன்னும் ஏதாவது கேளுங்களேன். வீட்டுல யாரும் அவ பேச்சையே எடுக்கறதில்ல. எனக்கு வருத்தமா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு எல்லாரும் வாய மூடிக்கறாங்க."

பட்டியலில் இல்லாத கேள்விகளாக இன்னும் அரை மணி நேரம் கேட்டாள் அக்கா. பாட்டுப் பாடுவாளா, யாரோடு தூங்குவாள், எதற்குப் பயப்படுவாள். நான் டியூப்களுக்கு லேபிள் ஒட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஐஸ்கட்டி அழுதது என்று மாடிக்குச் செய்தி போனால் என் மானம் என்ன ஆவது!

தையல்காரி ஒருத்தியோடு பேசிய பேச்சை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கேன்சரிலிருந்து பிழைத்த பையனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, "அவனுக்கு அப்படி ஒண்ணும் இல்லைங்க, ஆனா சின்னவளுக்குத்தான் ஒரு கை கொஞ்சம் குண்டு. சட்டை தைக்கறப்போ ஒரு கைய அகலமா வைப்பேன்" என்றாள் சாதாரணமாக. அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மறுநாள் காலையே பெரிய டாக்டரம்மா அந்தச் சின்னவளை வரவழைத்து ஸ்கேன் செய்து பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட்டி வரச் சொன்னார்.

"ஒரு பக்கம் பெருசா இருக்கற பிள்ளைங்க எல்லாருக்கும் வராது. சில பேருக்குச் சிறுநீரகத்துலயோ ஈரல்லயோ கட்டி வரும். தொடர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தா, வந்தாலும் சின்னதா இருக்கும்போதே பிடிச்சிடலாம்" என்று எங்களிடம் விளக்கினார். அன்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எல்லோருக்கும் என் காசில் டீ வாங்கிக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா மட்டும் டீயைத் தொடவில்லை. தலைவலி என்றாள்.

நான்கு மாதம் ஓடிவிட்டது. இரண்டு குடும்பங்கள் பேச மறுத்துவிட்டன, ஆறு பேரின் விலாசமும் போன் நம்பரும் மாறிவிட்டன. மீதி எல்லோரையும் விசாரித்து முடித்தோம், ஒரே ஒருவனைத் தவிர. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும். புதன்கிழமை பார்த்தேன், ஏழாம் எண் படிவம் வெறுமையாக இருந்தது.

"அக்கா, பையனோடது?"

"நாளைக்குப் பார்த்துக்கலாம்."

வியாழக்கிழமையும் அதே பதில். வெள்ளிக்கிழமை மதியம் மேஜையில் ரப்பர் தூளைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அவனோடத எடுத்துடட்டும். ஒரு பிள்ளை கொறைஞ்சா என்ன ஆயிடப்போகுது."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. வார்டு, லிஃப்ட், காத்திருக்கிற ஜனங்கள் என்று எதையும் பார்க்கவில்லை. "ஊரார் பிள்ளைய ஒவ்வொண்ணா உக்காந்து எழுதினீங்க. ஒரு பிள்ளையையும் விடமாட்டேன்னு எத்தனை பேருக்கு வாக்குக் குடுத்தீங்க! சொந்தப் பிள்ளைய மட்டும் வெளிய தள்ளுவீங்களா? வாங்க கீழ!" என்று அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். வழியில் நின்ற பெரிய டாக்டரம்மாகூட ஒதுங்கிக்கொண்டார்.

சாம்பிள் ரூமில் அவளை உட்கார வைத்து, எதிரில் படிவத்தோடு உட்கார்ந்தேன். அவள் எல்லோரிடமும் கேட்ட மாதிரியே கேட்கப் பார்த்தேன். அந்தக் கனிவெல்லாம் எனக்கு வராது. "ம், சொல்லுங்க. தலை எப்படி?" என்றேன்.

"ரெண்டு சுழி. எண்ணெய் வச்சாலும் படியாது."

"காது?"

"அவங்க அப்பா காது. கொஞ்சம் வெளிய தள்ளின மாதிரி."

கண், மூக்கு, வாய், விரல், வயிறு, ஒவ்வொன்றாக வந்தோம். அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. தொப்புளைத் தொட்டால் சிரித்துச் சிரித்து விக்கல் எடுக்குமாம். பதினேழாம் கேள்விக்கு வந்தேன். "ஒரு பக்கத்துக் கையோ காலோ, இன்னொரு பக்கத்தைவிடப் பெருசா இருந்துச்சா?"

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். நான் அவசரப்படுத்தாமல் இருந்தது என் வாழ்க்கையிலேயே அபூர்வம்.

"முதல் தடவை ரெண்டு ஜோடி ஷூ வாங்கினோம்" என்றாள். "வலது காலுக்கு எட்டு, இடது காலுக்கு ஏழு. மிச்சமான எட்டாம் நம்பர் இடது ஷூவ எடுத்து வச்சேன். அப்புறம் ஒன்பதாம் நம்பர் வாங்கறப்போ ஒரு ஜோடியே போதும், இடது காலுக்கு இந்த எட்டு தயாரா இருந்துச்சு. அதே டிசைன்தான் வேணும்னு கடைக்காரர் உயிர எடுத்துட்டேன். அவன் என்ன சொல்வான் தெரியுமா? வலது கால் அண்ணனாம், இடது கால் தம்பியாம். 'அம்மா, அண்ணனுக்கு முதல்ல போடு, தம்பி சின்னப் பையன், காத்திருப்பான்' அப்படீம்பான்."

சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியிலேயே அவளுக்கு உடைந்துபோனது.

"ஒன்பதாம் நம்பர் இடது ஷூ இன்னும் பீரோவுலதான் இருக்கு. அதுக்குக் கால் வரவே இல்ல."

நான் பேனாவை மேஜையில் வைத்தேன்.

"நான்தானே தினமும் மாட்டி விட்டேன்" என்றாள். "நான் பார்த்தேனே. இந்த ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பார்த்தேனே. அந்தத் தையல்காரி பொண்ணுக்கு டாக்டரம்மா சொன்னாங்கல்ல, பார்த்துக்கிட்டே இருந்தா பிடிச்சிடலாம்னு. நான் சிரிச்சுக்கிட்டு ஷூ வாங்கிக்கிட்டிருந்தேன். அங்க 'ஆம்'னு எழுதினா, தெரிஞ்சும் விட்டுட்டேன்னு நானே கையெழுத்துப் போடற மாதிரி இருக்கு. வீட்டுல அவர்கிட்டகூடச் சொல்லல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

இவ்வளவு நாளும் இதைச் சுமந்துகொண்டுதான் மற்ற எல்லோரிடமும் அந்தப் பதினேழாம் கேள்வியைக் கேட்டிருக்கிறாள், பாவி! எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்ததைச் செய்தேன், திட்டினேன்.

"வாய மூடுங்க. தடுப்பூசி போட்டவங்க அவன் கால பார்க்கலையா? காய்ச்சலுக்கு மருந்து குடுத்த டாக்டர் பார்க்கலையா? இங்க வார்டுல அஞ்சு டாக்டருங்க பார்க்கலையா? ஒருத்தராவது ஷூவப் பத்தி உங்ககிட்டக் கேட்டாங்களா?"

"இல்ல."

"கேட்டிருந்தா மறைச்சிருப்பீங்களா?"

"எதுக்கு மறைக்கணும்? அண்ணன் தம்பி கதையெல்லாம் சேர்த்துச் சொல்லியிருப்பேன்."

"அப்புறம் என்ன? கேக்காதது அவங்க தப்பு. இப்போ நான் கேக்கறேன். சொல்லுங்க."

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "ஆமா" என்றாள். "வலது கால் பெருசு. ஒரு சைஸ்."

எழுதினேன். மீதி ஐந்து கேள்விகளும் முடிந்தபோது மணி மூன்று. நாலரைக்கு எல்லாவற்றையும் அனுப்பினோம். அன்று மாலை கணவர் அவளைக் கூப்பிட்டுப்போக வந்தார். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை நான் பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்த்தேன். அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கட்டத்தில் தன் இரண்டு பாதங்களையும் நீட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வலதை மட்டும் ஒரு விரல் அளவு முன்னால் தள்ளிக் காட்டினார். என் பஸ் வந்துவிட்டது.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. எட்டுப் பேரைத் தவிர எல்லோரும் களஞ்சியத்தில் இருக்கிறார்கள். ஏழாம் எண்ணும் இருக்கிறான். பெரிய டாக்டரம்மா எங்களைத் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, எப்படித் தேடுவது என்று காட்டினார். பேர் எதுவும் தெரியாது, எண்ணிக்கை மட்டும் வரும். சிறுநீரகக் கட்டி என்று திரையில் இருந்த ஒரு கட்டத்தில் குறித்தார். உடம்பில் ஒரு பக்கம் பெரிது என்று இன்னொன்றில் குறித்தார். எல்லா நாட்டு ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து இருநூற்றுப் பதினொன்று என்று வந்தது.

ரப்பர் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தாள்.

"இத்தனை பேரா?"

"ஆமா. உங்க பையனையும் சேர்த்து" என்றார் பெரிய டாக்டரம்மா.

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"ஐஸு, அப்போ இத்தனை அம்மாங்களும் ஷூ கடையில நின்னு ரெண்டு ஜோடி கேட்டிருப்பாங்க, இல்ல?"

"கேட்டிருப்பாங்க" என்றேன்.

"சிரிச்சுக்கிட்டேதான் கேட்டிருப்பாங்க" என்றாள் அவள்.